நான் மாற்றி எழுதிய நிறை

மகன்,

இதை வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருந்து வாசிக்காதே. அறைக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு ஓரிடத்தில் இருந்து வாசி. இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. நீயும் நானும் தங்கச்சியும் போனில் சேர்ந்து பார்க்கிற குறிப்பில்தான் இதைப் போடுகிறேன். பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டப்போகிறேன். ஏன் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பது போகப்போக உனக்கு விளங்கும். நான் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவாயோ என்ற பயத்தில் நாலு நாளாக ஒரு கொப்பியில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, முழுவதும் முடிந்த பிறகுதான் போனில் ஏற்றுகிறேன்.

போன கிழமை நீ என் பிரஷர் கணக்குக்குக் கீழே எழுதியிருந்தாய்: "அம்மா, நான் வேலைய விட்டுட்டு வாறன். இனி நம்பரை மட்டும் பாத்துக்கொண்டு ஒருத்தரையும் விடமாட்டன். கல்யாணக் கதைய நிப்பாட்டச் சொல்லுங்க." அதை வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் வைத்த சோறு கரிந்து மணத்த பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒன்றேகால் வருசமாக நான் சொல்லாமல் வைத்திருந்ததை இனியும் வைத்திருந்தால், அப்பாவுக்குச் செய்ததையே உனக்கும் செய்தவளாகப் போவேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ தேடித் தேடி வாசிக்க வேண்டாம். அப்பா செத்த அந்தக் கிழமையில் செவ்வாய் தொட்டு நான் அவரை நிறுத்துப் போட்ட நிறை எல்லாம் பொய். நீ பிழை விடவில்லை. நான் போட்ட நம்பரைத்தான் பார்த்தாய். அந்த நம்பரைப் பிழையாகப் போட்டது நான்.

அந்தக் குறிப்பை நீ செய்து தந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பதினொரு நாளைக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தோம். நீ கட்டாரிலிருந்து லீவில் வந்து நின்றாய். நெஞ்சு பலமாக அடிக்காததால் உடம்பில் தண்ணி தங்குகிறது, ஒவ்வொரு நாளும் காலையில் நிறுத்துப் பாருங்கள், மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ கூடினால் ஒன்றும் யோசிக்காமல் கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ டவுனுக்குப் போய் நிறுக்கிற மெசின் ஒன்று வாங்கி வந்தாய். என் போனை எடுத்து "அப்பா" என்று தலைப்புப் போட்டு, நிறைக்கு ஓரிடம், பிரஷருக்கு ஓரிடம், மருந்துக் குளிசை குடித்தால் அடையாளம் போட ஒவ்வொரு சின்னக் கட்டம் என்று அரை நாள் இருந்து செய்தாய். கிளினிக் கார்டைப் படம் பிடித்து மேலே ஒட்டினாய். திருகோணமலையில் படிப்பிக்கிற தங்கச்சி சுகந்தியையும் அதில் சேர்த்தாய். "பாருங்கம்மா, நீங்க இஞ்ச போட்டா அடுத்த நொடி எனக்கு அங்க தெரியும். தங்கச்சிக்கும் தெரியும். நாங்க மூண்டு பேரும் அப்பாவுக்குப் பக்கத்தில இரிக்கிற மாதிரித்தான்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விமானம் ஏறுவதற்கு உனக்கு அது தேவையாக இருந்தது.

அப்பாவுக்கும் அது பிடித்துப்போனது. எழுதச் சலிப்பு, ஆனால் அந்த மைக்கை அமத்திப் பேசினால் தானாக எழுதுகிறது என்று தெரிந்ததும் விடவில்லை. "கத்தரிக்காய்க் கறி, உப்புமில்ல, ருசியுமில்ல" என்று ஒரு நாள் குறிப்பில் வந்திருந்ததைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு எனக்குப் போனில் கேட்டது. இன்னொரு நாள் "கருவாடு வாங்கோணும்" என்று போட்டார். சுகந்தி அதை அழித்துவிட்டாள். "நான் எழுதினத அழிக்க இவ ஆரு?" என்று அவருக்குக் கோபம். அவரைச் சமாதானப்படுத்தத்தான் நீ வீடியோவில் வந்து, எழுதினது எதுவும் போகாது, யார் எப்போது எதை மாற்றினாலும் பழையதைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்று காட்டிக் கொடுத்தாய். நான் அவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருசம் நான் ஊரில் மிட்வைஃபாக வேலை செய்தவள். குருக்கள்மடத்திலும் சுற்றுவட்டத்திலும் எத்தனை பிள்ளைகளை நிறுத்து அட்டையில் புள்ளி வைத்திருப்பேன். ஒரு முறை கைப்பிள்ளையோடு வந்த ஒரு தாய், இருபது வயதுகூட இராது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மிஸ், ஒரு அரைக் கிலோ கூட்டிப் போடுங்க மிஸ். மாமி என்னைத்தான் ஏசுவா." நான் கையை இழுத்துக்கொண்டேன். "நிறையில நான் பொய் எழுதமாட்டன் புள்ள. நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்ற?" என்றேன். அதை நல்ல சத்தமாகவே சொன்னேன், மற்ற தாய்மார் எல்லாருக்கும் கேட்க. அவள் தலையைக் குனிந்துகொண்டு போனது இப்போது அடிக்கடி கண்ணுக்குள் வருகிறது. உனக்குச் செய்ததும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் கணக்குக்கு எடுத்த முப்பத்தெட்டை எண்பத்தெட்டாக்கிக் கொண்டு வந்தாய். அப்பா, "விடு புள்ள, அடுத்த முறை எடுப்பான்" என்றார். நான் விடவில்லை. உன்னைச் சைக்கிளில் ஏற்றி ஆசிரியரின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, உன் வாயாலேயே சொல்ல வைத்தேன். போகும்போதும் அழுதாய், வரும்போதும் அழுதாய். பின்னால் இருந்த உன்னை நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் அதைச் செய்தேன். நாலு மாதம் ஒழுங்காகப் போனது. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டரை, அதற்கு மேலே போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை 69.4 காட்டியது. அதை அப்படியே போட்டேன். நீ கேட்டாய், முதல்நாள் சுகந்தியின் மாமியார் வீட்டுச் சாப்பாடு என்று எழுதினேன், அது உண்மைதான். செவ்வாய் காலை 70.3. போனில் அடித்துவிட்டேன். அப்பா மெசினில் நின்றபடியே என் கையைப் பார்த்தார். "அத அழி" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அத அழிச்சுக் குறைச்சுப் போடு புள்ள. மகன் பாத்தா உடனே அந்த ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுவான். நான் போகமாட்டன்."

அந்த வாட்டில் அவருக்கு நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது. யாரும் அவரைக் குறைவாகப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஏறாவூரிலிருந்து வந்த ஒரு வயதானவர் இருந்தார். இரண்டு பேரும் நல்ல கூட்டு, அப்பா ஓட்டிய பஸ்ஸில் அவர் ஏறியிருக்கிறாராம். ஆறாம் நாள் அந்த மனுசன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரை விட்டார். அப்பாவால் அந்தக் கையை எடுக்க முடியவில்லை. தாதிப் பிள்ளை வந்து விரல் விரலாகக் கழற்றிவிட்டாள். அதைப் பற்றி அவர் உன்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "எனக்கு எங்கட வீட்டில நடக்கட்டும்" என்றார்.

நான் அழித்தேன். 68.4 என்று போட்டேன். ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. அந்தப் பழைய நம்பர் இன்னும் உள்ளே கிடக்கிறது, வேண்டுமென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போய்ப் பார். நீ ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. அம்மா எழுதினதை ஏன் சோதிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்காது. புதன்கிழமை முதல் எனக்கு அழிக்கவும் தேவைப்படவில்லை. 70.9 காட்டியது, 68.2 என்று நேராகவே எழுதினேன். வியாழன் 71.6, எழுதியது 68.5. கீழே நீ கேட்டிருந்தாய்: "நல்லம் அம்மா. கால் வீக்கம்?" நான் "இல்லை" என்று போட்டேன். அப்போது அப்பாவின் கணுக்காலில் என் விரலை வைத்து அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். அவர் சாரத்தைக் காலை மூடி இழுத்துவிட்டு, வெயிலுக்கு முகம் கொடுத்து நிமிர்ந்து இருந்தார். "வேலை எப்படி மகன்?" என்று கேட்டார். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நீ இரண்டு முறை லீவில் வந்து போயிருந்தாய். மூன்றாவது முறை கேட்டால் திரும்பி வர வேண்டாம் என்று மேலாளர் சொன்னதாக எங்களிடம் நீயே சொல்லியிருந்தாய். போனை வைத்த பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. "அவனை இன்னொருக்கா இழுக்கக்கூடா" என்றார். குளிசையைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அதையும் எழுதவில்லை.

ஞாயிறு காலை தேத்தண்ணி கொண்டு போனபோது அவரால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு சொல் பேசினால் மூன்றாவது சொல்லுக்கு மூச்சு இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஏற்றும்போது அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. போகிற வழியெல்லாம் என் தோளில் சாய்ந்தபடி, எந்த இடத்தில் றோட்டில் பள்ளம், எங்கே மெதுவாக்க வேண்டும் என்று ஆட்டோக்காரத் தம்பிக்குக் கையால் காட்டிக்கொண்டு வந்தார். எத்தனை வருசம் அந்தக் கல்முனை றோட்டில் பஸ் ஓட்டிய கை. காத்தான்குடிக்குள் வாகனம் நெருங்கி நின்றுவிட்டது. ஒரு புடவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இது நம்மட ட்ரைவர் அண்ணன்" என்று கத்தி, றோட்டில் இறங்கி நின்று வழி எடுத்துத் தந்தார். அப்போதுதான் அப்பா கேட்டார். "மகனுக்குச் சொன்னயா?"

"சொன்னன்" என்றேன்.

"என்ன சொன்னான்?"

"வாறானாம்."

அவர் தலையை ஆட்டினார். என் மடியில் போன் அதிர்ந்தது. "அம்மா, இண்டைக்கு நிறை இன்னும் போடல்லையே" என்று நீ எழுதியிருந்தாய். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். கல்லடிப் பாலத்துக்குப் போகும்போது அவருடைய கை என் கையில் கனத்துவிட்டது. அவர் கேட்டது நீ வருவாயா என்றுதான் மகன். உன்னை இழுக்கக்கூடாது என்று சொன்ன மனுசன் கடைசியில் உன்னைத்தான் கேட்டார். நான் செவ்வாய்க்கிழமை உண்மையை எழுதியிருந்தால் நீ வந்திருப்பாய். ஒருவேளை அவரும் இருந்திருப்பார். இல்லாமலும் போயிருக்கலாம், அந்த நோய் எனக்குத் தெரியும். ஆனால் நீ வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்திருப்பாய். அதை நான் எடுத்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கில் நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவுக்கு முன்னால் நின்றாய். "பெரியப்பா, நான் ஒவ்வொரு நாளும் பாத்தன். நிறை ஏறவேயில்ல. அப்ப வேற என்னத்தையோ நான் கவனிக்காம விட்டிரிக்கன். என்னாலதான்" என்று சொல்லி நிலத்தில் இருந்துவிட்டாய். சாப்பிட வந்த எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா உன் தலையைத் தடவினார். நான் அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்றேன். வாயைத் திறந்தால் ஒரு சொல். நான் திறக்கவில்லை. அன்றைக்கு உன் வாயிலிருந்து அதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் இன்று என்னிடமிருந்து இதைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இது பெரியப்பாவுக்கும் போகிறது, அவரிடமிருந்து எல்லாருக்கும் போகட்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் நாலு நாளாகச் சுற்றிச் சுற்றி எழுதினேன். அப்பா கேட்டார், உன் வேலைக்குப் பயந்தேன் என்பதெல்லாம் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அவர் "அந்த வாட்டுக்குப் போகமாட்டன்" என்றபோது, மகன், எனக்குள்ளே ஒரு ஆறுதல் வந்தது. அந்தப் பதினொரு நாளும் நான் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தே தூங்கினேன். என் கால்களும் வீங்கித்தான் இருந்தன, அதை யாரும் நிறுக்கவில்லை. திரும்பவும் அந்தக் கதிரையா என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. நான் களைத்துப்போயிருந்தேன். அவர் மாட்டேன் என்றதும் அதைப் பிடித்துக்கொண்டேன். அவருக்காக மட்டும் அழித்தேன் என்று இனியும் நான் சொல்லமாட்டேன்.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ செய்து தந்த குறிப்பு நல்ல குறிப்பு. நிறைக்கு இடம் இருந்தது, பிரஷருக்கு இருந்தது, எட்டுக் குளிசைக்கும் கட்டம் இருந்தது. களைத்துவிட்டேன் என்று எழுத ஒரு இடம் அதில் இல்லை. இருந்தாலும் எழுதியிருப்பேனோ தெரியாது. ஆனால் நாளைக்கு நீயும் மனைவியுமாக ஒரு பிள்ளைக்கோ, என்னைப் போல ஒரு கிழவிக்கோ இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு பார்க்கும்போது, நம்பரைப் பார்த்த பிறகு அதை எழுதுகிற ஆளையும் ஒருதரம் போனில் எடுத்துக் கேள். "நீ எப்படி இரிக்காய்?" என்று கேள். உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு இரு.

சுகந்திக்கு இதை முதலில் சொன்னேன். போன சனிக்கிழமை வந்திருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றாள். திரும்பி வந்து, "அண்ணன் நித்திரை கொள்றல்ல அம்மா, உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு நாளும் அந்தப் பழைய பக்கத்தத் திறந்து முதல்ல இருந்து பாக்கிறார். எங்க விட்டன் எண்டு தேடுறார்" என்றாள். எனக்கு அது தெரியாது. "நீயே அவனுக்குச் சொல்லிவிடு புள்ள" என்றேன். "நான் சொல்லமாட்டன். நீங்கதான் எழுதோணும்" என்றாள். சாப்பிடாமல் திருகோணமலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்னும் என்னோடு பேசவில்லை. அவளை நீ ஒன்றும் சொல்லாதே, அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

வேலையை விடுவதா இல்லையா என்பதை நீ முடிவு செய். உனக்கு இங்கே இருக்க விருப்பம் என்றால் வா, வாசல் திறந்துதான் கிடக்கும். ஆனால் அப்பாவுக்கு நீ செய்த பிழைக்காக என்று வராதே. அப்படி ஒரு பிழையே இல்லை. கல்லடியில் உனக்குப் பேசிவைத்த பிள்ளை ஒரு வருசமாகக் காத்திருக்கிறாள், அவளுடைய தாய் தகப்பனுக்கு நான் இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. இதை அவளுக்கும் வாசித்துக் காட்டு. இப்படி ஒரு மாமி என்று தெரிந்துகொண்டு அவள் முடிவெடுக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன். அவருக்குக் கண் தெளிவில்லை, நானே இருந்து வாசித்துக் காட்டுவேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு வருவேன். உன்னிடம் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே "பரவாயில்ல அம்மா" என்று எழுதிவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியும். அப்படி அவசரப்பட்டு எழுதாதே. கோபப்படு. எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஆனால் இத்தனை நாளும் நீ உன்மேல் வைத்திருந்த கோபத்தை இறக்கி என்மேல் வை மகன். அது என்னுடையது. நீ சுமந்தது போதும்.

அம்மா